பை நிரம்பி வழிந்த ராத்திரி: சிறுநீர்க் கணக்கு எழுதியவர்கள் உங்கள் கதையும் சொல்லுங்கள்

மூத்தமகள்:

அப்பாவுக்குத் தலைக்குள், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். பார்வை தெளிந்துவிட்டது, பேசுகிறார், சாப்பிடுகிறார். அப்பாடா என்று இருந்த மறுநாள்தான் கூத்து ஆரம்பித்தது. சிறுநீர்ப் பையைக் காலி செய்து மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ரொம்பி நிற்கிறது. மஞ்சள் நிறமே இல்லை, குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தாளில் குறிப்பது என் வேலை. ராத்திரி பன்னிரண்டுக்குக் கூட்டினால் 9 லிட்டர் 400 மில்லி. கணக்கில் நான் என்றைக்குமே மக்கு என்பதால் இரண்டாம் முறையும் கூட்டினேன். அதேதான் வந்தது. அப்பாவோ "ஐஸ் தண்ணி குடு, ஐஸ் தண்ணி குடு" என்று ஒரே பிடிவாதம்.

"கிட்னி போயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். நைட் டியூட்டியில் இருந்தவர் சின்னப் பையன். "ரெண்டும் ஜம்முனு இருக்குக்கா. மேல இருந்து உத்தரவுதான் வரல" என்றார். என் கணக்குத் தாளையே திருப்பிப் போட்டுப் படம் வரைந்து காட்டினார்.

இதயம் இறைக்கிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், சிறுநீரகங்களுக்குப் போகிறதாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழாய்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிரைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் முடிச்சாகக் கிடக்கும். ரத்த அணுக்களும் புரதமும் அதைத் தாண்டாது. தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் அந்த இடத்தில் வடிந்துவிடும். அப்படி வடிவது ஒரு நாளைக்கு 180 லிட்டர். உடம்பில் இருக்கிற ரத்தமே 5 லிட்டர்தானே என்று கேட்டேன். "அதையேதான் திரும்பத் திரும்ப வடிகட்டுது" என்றார்.

எங்கள் வீட்டில் போகிக்கு முதல் நாள் சாமான் மொத்தத்தையும் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துப்போவோம். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சிறுநீரகம் அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறது. 180 லிட்டரில் 178 லிட்டருக்கு மேல் உள்ளே திரும்பிவிடும். திண்ணையில் மிஞ்சுவதைத்தான் நாம் சிறுநீர் என்கிறோம். தண்ணீரில் பெரும்பங்கு தானாகவே திரும்பும். கடைசிப் பங்குக்கு மட்டும் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வந்து கதவைத் திறக்க வேண்டும். அந்த ஹார்மோன் பிட்யூட்டரி வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. அப்பாவுக்குக் கத்தி பட்ட இடமும் அதுவே.

அந்த ஹார்மோனின் வேலையைச் செய்கிற டெஸ்மோபிரெசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். விடிவதற்குள் பை நிரம்புகிற வேகம் அடங்கிவிட்டது. பையில் மஞ்சள் நிறம் திரும்பியதைப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

நோயின் பெயர் டயாபடீஸ் இன்சிபிடஸ். சர்க்கரைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? பார்க்க வந்த சித்தப்பா முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அப்பா காபியில் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஜவுளிக்கடை அக்கா:

எனக்கு இதுக்கு நேர் எதிர். சேலை செக்சன்ல காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது. பாத்ரூம் நாலாவது மாடியில, சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். கேட்கக் கூச்சப்பட்டே தண்ணி குடிக்கறத விட்டுட்டேன். ஒண்ணுக்குப் போனா நல்லெண்ணெய் நிறத்துல நாலு சொட்டு. எரிச்சல் தாங்காம குளிர் ஜுரம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனேன். அந்த டாக்டரம்மா திட்டினது இன்னும் மறக்கல. "நீ குடிக்கலைன்னாலும் கழிவு தினம் சேர்ந்துகிட்டேதாம்மா இருக்கும். அதைக் கரைச்சு வெளியே தள்ளக் குறைஞ்சது அரை லிட்டராவது வேணும், அதுக்கு மேல சுண்டக் காய்ச்ச கிட்னிக்கே முடியாது" என்றார். 2021ல தமிழ்நாட்டுக் கடைகள்ல உட்கார இடம் கொடுக்கணும்னு சட்டத்தையே திருத்தினாங்க. ஸ்டூல் வந்துச்சு. பாத்ரூம் அதே நாலாவது மாடிதான்.

துபாய் வண்டிக்காரன்:

வெள்ளிக்கிழமை ரெண்டு பீர் குடிச்சா நாலு பீர் அளவுக்கு வெளியே போகும், மறுநாள் நாக்கு ஒட்டிக்கும். சாராயம் அந்த வாசோபிரெசினை அமுக்கிடுமாம். எனக்குக் கல் வந்தப்போ சொன்னாங்க. கல் கதையைச் சொன்னா நீங்க எல்லாரும் அழுதுடுவீங்க, விடுங்க.

லேப்காரர்:

எங்கள் கூடத்துக்கு ஒருவர் ரிப்போர்ட்டோடு சண்டைக்கே வந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை 130, சிறுநீரில் மட்டும் நான்கு பிளஸ். மாதிரியை மாற்றிவிட்டோம் என்பது அவர் கட்சி. ரத்தச் சர்க்கரை 180 வாக்கில் இருக்கும்வரை, வடிந்த சர்க்கரையைச் சிறுநீரகம் ஒரு துளி விடாமல் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டோம். டாபாக்ளிஃப்ளோசின். திருப்பி எடுக்கிற வேலையில் ஒரு பகுதியைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. மூத்தமகள் சொன்ன திண்ணைக் கணக்கில், சர்க்கரை மூட்டையை வேண்டுமென்றே வெளியே விட்டுவைப்பது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, "கிரியேட்டினின் நார்மல்" என்று சந்தோஷமாகப் போகிறவர்களைப் பார்த்தால் பகீர் என்கிறது. வடிகட்டும் திறனில் பாதி போன பிறகும் அந்த எண் எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்கள் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள். தாண்டவே கூடாத புரதம் அங்கே வந்தால் சல்லடை கிழிய ஆரம்பித்திருக்கலாம்.

மூணு கிட்னிக்காரன்:

பழைய ரெண்டையும் எடுக்க மாட்டாங்க, புதுசை அடிவயித்துல வைப்பாங்க. அதான் இந்தப் பேர்.

மூணு வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கிட்னி நாள் முழுக்க நிதானமா செய்யறதை மிஷின் அந்த நேரத்துக்குள்ள அடிச்சுப் பிடிச்சுச் செய்யணும். முடிஞ்சு எழுந்தா பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருப்பேன். முதல் வருஷம் கொஞ்சம் ஒண்ணுக்கு வந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. தண்ணி அளந்துதான் குடிக்கணும், அதுல சாம்பாரும் கணக்கு, மோரும் கணக்கு. ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல மூணு கிலோ ஏறிடுச்சுன்னா படுக்கவே முடியாது, மூச்சு முட்டும். பஸ் ஸ்டாண்டுல யாராவது சுவத்தோரம் நின்னா எல்லாரும் திட்டுவாங்க. எனக்குப் பொறாமையா இருக்கும்.

அம்மா கொடுத்தாங்க. ரத்தக் குழாயை இணைச்சதுமே டேபிள்லயே சிறுநீர் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னார். முதல் நாள் லிட்டர் லிட்டரா போச்சு, அந்த அளவுக்கு ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டே இருந்தாங்க. டியூபை எடுத்தப்புறம்தான் வேடிக்கை. சும்மா கிடந்து என் சிறுநீர்ப்பை சுருங்கியிருந்துச்சு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடினேன். அம்மாவுக்கு மிச்சம் இருக்கிற ஒண்ணு கொஞ்சம் பெருத்து, கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுச் செய்யுதுன்னு பிறகு ஸ்கேன்ல பார்த்தோம்.

அவங்களைச் சக்கர நாற்காலியில என் ரூம் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தாங்க. மாஸ்க்குக்குள்ளேருந்து கேட்டது ஒரே கேள்விதான்.

"போனியாடா?"

"இப்பதாம்மா போனேன். திரும்பவும் வருது."