உங்கள் பங்குக் கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் குறித்திருக்கிறார்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுப்பணிக்காரி:
வேலை மாற்றத்தில் புதுப் பங்குக்கு வந்திருக்கிறேன். கோவில் பலகையில் திருப்பலி, நற்கருணை ஆராதனை, மறைக்கல்வி, பாடகர் குழுப் பயிற்சி, அலுவலகம் திறந்திருக்கும் நேரம் எல்லாம் மணி போட்டு எழுதியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) நேரே மட்டும் "தேவைப்படுவோர் பங்குத்தந்தையை அணுகவும்".

சரி, அணுகுவோம் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்ற ஃபாதரிடம் போனேன். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒருவர், திருமணத் தேதி பேச ஒரு ஜோடி, கணக்கு நோட்டோடு பங்குப்பேரவை ஆட்கள். அவர்களுக்கு நடுவில் நின்று "பாவசங்கீர்த்தனம் செய்யணும் ஃபாதர்" என்றேன். பேச்சு சட்டென்று நின்றது. எல்லோரும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். ஃபாதர் தங்கமான மனிதர். "ஆபீசுக்கு ஃபோன் பண்ணி நேரம் வாங்கிக்கோங்கம்மா" என்றார். பண்ணினேன். எடுத்தவர் "என்ன விஷயமா பார்க்கணும்?" என்று கேட்டார். சொன்னேன். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அடுத்து. அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

உங்கள் பங்குகளில் எப்படி?

பழைய பீடச்சிறுவன்:
அக்கா, நீங்கள் சொல்வதைப் படித்ததும் எங்கள் பழைய பங்குத்தந்தை ஞாபகத்துக்கு வந்தார். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்னால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டில், போய் உட்கார்ந்துவிடுவார். மேலே ஒரு சின்ன பல்பு. அது எரிந்தால் சாமி உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். முக்கால்வாசி நேரம் அவர் செபப் புத்தகத்தைப் படித்துக்கொண்டுதான் இருப்பார். மெழுகுவர்த்தி ஏற்றிவைக்க வரும் நாங்கள், பாவம், தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்ப்போம். ஆனால் யாராவது ஒருவர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, தூணைச் சுற்றி, தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் போவார். ஒருவர் எழுந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுவார்கள்.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் "யாரும் வருவதில்லையே" என்று அந்த நேரத்தை எடுத்துவிட்டார். யாரும் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! இப்போது அந்தத் தொட்டிக்குள் துடைப்பம், உடைந்த மைக் ஸ்டாண்டு, குடில் சுரூபங்கள். முழங்காலிடும் பலகையில் கிறிஸ்துமஸ் ஆட்டுக்குட்டிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன.

பேரவை உறுப்பினர்:
இது ஃபாதர்களின் தனிப்பட்ட விருப்பம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 986-ஆவது சட்டம், ஆன்மப் பொறுப்பு ஏற்றவர்கள் மக்களுக்கு வசதியான நாளும் நேரமும் குறித்து, தனித்தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. 2002 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒரு திருத்தூது மடலே எழுதினார். அறிவித்த நேரத்தில் குருக்கள் கோவிலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், அந்த நேரம் மக்களின் உண்மையான நிலைமைக்கு ஒத்துவர வேண்டும், முக்கியமாகத் திருப்பலிக்கு முன்னால் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அதில் பரிந்துரைக்கிறார். வேறு குரு இருந்தால் திருப்பலி நடக்கும்போதே கேட்கலாம் என்றும் சொல்கிறார். ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்திலிருந்து வரும் கட்டளை. இன்றும் சாவான பாவம் (கனமான பாவம்) உள்ளவர்களுக்கு அது கடமை. கடமையைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தால் எப்படி?

ஆனால் சட்ட எண்ணை நீட்டிக்கொண்டு ஃபாதரிடம் போகாதீர்கள். கேட்பவருக்கு அது வழக்குத் தொடுக்கிற மாதிரி இருக்கும். நாங்கள் பேரவையில் கேட்டது இவ்வளவுதான்: "சனிக்கிழமை பூசைக்கு அரை மணி நேரம் முன்னால் உட்கார முடியுமா ஃபாதர்? கதவைத் திறப்பது, விளக்குப் போடுவது, அறிவிப்பில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு." உடனே சரி என்றார். அவரிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லையாம்.

கிளைப்பங்குகளோடு ஒரு குரு:
நான் குரு. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஒரே ஆள், கிளைப்பங்குகள் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசையை முடித்துவிட்டு அடுத்த கோவிலுக்கு ஓடும்போது வாசலில் "ஃபாதர், ஒரு நிமிஷம்" என்றால் மனசு தவிக்கும். கேட்காமல் போகவும் முடியாது, அங்கே காத்திருப்பவர்களை விடவும் முடியாது. பலகையில் நேரம் போடாததற்குப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணம்; போட்டுவிட்டு வராமல் போனால் அதைவிட மோசம்.

நானும் முதலில் "கேட்டால் வருகிறேன்" என்றுதான் இருந்தேன். அப்போது கேட்டு வந்தவர்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், அடிக்கடி வருபவர்கள். அப்புறம் வாரத்தில் ஒரு நேரத்தை முடிவு செய்து உட்கார ஆரம்பித்தேன். ஆரம்ப வாரங்களில் காலி. பிறகு வந்தவர்கள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ஃபோன் பண்ணி நேரம் வாங்கக்கூடிய ஆட்கள் இல்லை என்பது மட்டும் புரிந்தது. இதற்கு மேல் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன்.

தவக்காலத்தில் மறைவட்டத்துக் குருக்கள், அதாவது சுற்றுவட்டாரப் பங்குகளின் குருக்கள், எல்லோரும் கூடிப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் ஒப்புரவு வழிபாடு நல்லதுதான். ஆனால் வரிசை நீளமாக இருக்கும். பின்னால் நிற்பவர்களின் மூச்சுக் காற்றே "சீக்கிரம்" என்று சொல்லும். அழுகிறவரை அழவிட நேரம் இருக்காது. "கூட்டம் இவ்வளவு இருக்கிறதே, எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாக மன்னிப்புக் கொடுத்துவிடக் கூடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. பெருவிழாக் கூட்டம் மட்டும் அதற்குப் போதிய காரணம் இல்லை என்று 961-ஆவது சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதனால் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதுதான் எங்களுக்கும் நல்லது.

சாகக் கிடப்பவருக்கு மட்டும் நேரம், பலகை எதுவும் பார்க்க வேண்டாம். நடுராத்திரி என்றாலும் கதவைத் தட்டுங்கள்.

நெடுநாள் கழித்து வந்தவன்:
நான் ஃபாதர் சொல்கிற அந்தத் தெரியாத ஆட்களில் ஒருவன். வருடக்கணக்கில் பூசைக்கு வருவேன், நன்மை (நற்கருணை) வாங்க எழுந்திருக்க மாட்டேன். பெரியதொரு திருத்தலத்தில் நாள் முழுக்கக் குருக்கள் மாறி மாறிக் கேட்பார்கள் என்று அறிவிப்புப் பார்த்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். வரிசை நகரும்போது இரண்டு தடவை வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். உள்ளே கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு காது, அவ்வளவுதான் தெரிந்தது. எவ்வளவு காலம் ஆச்சு என்று சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன். "வந்துட்டீங்க இல்ல, மெதுவா சொல்லுங்க" என்றார்.

நேரம் வாங்கித்தான் போக வேண்டும், மேசைக்கு எதிரே நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்றால் நான் இன்னும் வெளியேதான் நின்றிருப்பேன். நேருக்கு நேர் பேசுவது பலருக்குப் பிடிக்கிறது, நல்லது. வலையும் இருக்கட்டும் என்பேன். 964-ஆவது சட்டமும் வலை வைத்த தொட்டி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறதாம், பேரவை அண்ணன் திருத்தட்டும்.

பேரவை உறுப்பினர்:
சரிதான் தம்பி.

மூத்த மகள்:
என் பிரச்சினை வேறு. எங்கள் கோவிலில் நேரம் இருக்கிறது, ஃபாதரும் தவறாமல் இருக்கிறார். அம்மாவுக்குக் காது மந்தம். அவர் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துப் பேசுவது பீடம் வரை கேட்கும். வரிசையில் நிற்பவர்கள் மரியாதைக்குத் தள்ளிப் போய் நிற்கிறார்கள், அம்மாவோ ஏன் தள்ளிப் போகிறார்கள் என்று கேட்கிறார். என்ன செய்வது?

கிளைப்பங்குகளோடு ஒரு குரு:
அம்மாவை வரிசையில் நிறுத்தவே வேண்டாம். கதவு சாத்தக்கூடிய ஒரு தனி அறை, திருப்பண்ட அறையானாலும் சரி, கேளுங்கள். அவர் எழுதிக் கொண்டுவந்து காட்டலாம். முடிந்ததும் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வேண்டுமானால் இடையில் நின்று எடுத்துச் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளவும் 990-ஆவது சட்டம் அனுமதிக்கிறது, அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். மகளாக நீங்கள் அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கக் குரு வீட்டுக்கு வருகிற நாள் இருந்தால் அன்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த நேரம் சமையலறைக்குப் போய் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போதும்.