மேப்பிள் பாகு அடுப்பு: விறகுச் சூடு தட்டுக்குப் போய்ச் சேர என்ன செய்யலாம்

அமெரிக்காவின் வெர்மான்ட், கனடாவின் கியூபெக் பக்கம் மேப்பிள் மரச் சாற்றைக் கொல்லையில் வைத்துப் பாகாகக் காய்ச்சும் 2 அடிக்கு 4 அடி தட்டு அடுப்பைத்தான் சொல்கிறேன். பரப்பு 8 சதுர அடி. சதுர அடிக்கு மணிக்கு 1 கேலன் கணக்கில், மணிக்கு 30 லிட்டர் ஆவியாக வேண்டும். 40 லிட்டர் சாற்றுக்கு 1 லிட்டர் பாகு. ஆக 120 லிட்டர் சாறு நாலு மணி நேர வேலை. எட்டு மணி நேரம் இழுத்தால் பாதிச் சூடு வீண்.

ஃபயர் பிரிக் (தீ தாங்கும் செங்கல்) அடுக்கினாலே இன்சுலேஷன் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கெட்டிச் செங்கல் சூட்டைக் குடித்துவிட்டு மெல்ல வெளியே கடத்தும். தீயையும் விறகு இடிப்பதையும் தாங்கத்தான் அது. சூட்டைத் தடுப்பது செராமிக் பிளாங்கெட், அதாவது செராமிக் நார்ப் போர்வை. இரும்புச் சுவரை ஒட்டி 1 அங்குல பிளாங்கெட், அதற்கு உள்பக்கம் ஒன்றேகால் அங்குல பிரிக். வெட்டும்போது பறக்கும் நார் நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் போதாது, ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் போடுங்கள். பிரிக்குகளை ஒட்டவைத்த பூச்சு காய்ந்ததும் தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் சின்னத் தீ மட்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பிளந்துவிடும்.

—

சுவரைவிட முக்கியம் பின்பக்கச் சரிவு. தட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முன்பாதி வெளுத்து, பின்பாதியில் வெல்வெட் மாதிரி கரி படிந்திருந்தால் தீ அங்கே தட்டைத் தொடவே இல்லை. விறகு எரியும் கிராதிக்குப் பின்னால் தளத்தைச் சரிவாக உயர்த்தி, தட்டுக்குக் கீழே 2 அங்குல இடைவெளியோடு சமமாக முடியுங்கள். உள்ளே மணல் கொட்டாதீர்கள். பெர்லைட் (சூடு கடத்தாத லேசான எரிமலைக் கல் பொரி) நிரப்பி மேலே பிரிக் பரப்புங்கள்.

ஏன் 2 அங்குலம்? 24 அங்குல அகலத்துக்கு 48 சதுர அங்குல வழி கிடைக்கும். 8 அங்குலப் புகைபோக்கியின் வாய் ஏறக்குறைய 50. இரண்டும் ஒத்துப்போகும். 1 அங்குலமாக நெருக்கினால் புகை கதவு வழியே திரும்பும். அப்புறம் புளோயர் (காற்று ஊதும் விசிறி) இல்லாமல் ஓடாது.

—

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தட்டு உட்காரும் விளிம்பில் செராமிக் கயிறு வைக்காவிட்டால் அத்தனையும் பாழ். அந்தச் சந்து வழியாகக் குளிர்காற்று புகுந்து புகையோடு கலந்துவிடும். புளோயர் வைப்பவர்கள் காற்றைக் கிராதிக்குக் கீழே விடுங்கள், காற்றைக் கூட்டிக் குறைக்கும் டாம்பரும் கட்டாயம். விறகு மணிக்கட்டுப் பருமன், ஒரு வருஷமாவது காய்ந்தது. ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போட்டு உடனே கதவைச் சாத்த வேண்டும். மொத்தமாகத் திணித்தால் கொதி படுத்துவிடும்.

—

அடுப்பு நன்றாக எரிய ஆரம்பித்ததும் வரும் ஆபத்து: தட்டு தீய்வது. சாறு ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிர்ந்த சாற்றை வாளியோடு கொட்டினால் கொதி அடங்கிவிடும். புகைபோக்கி ஓரமாக ஒரு ஸ்டீல் பாத்திரம் வைத்துக் குழாய் வழியே நிமிஷத்துக்கு அரை லிட்டர் விடுங்கள். ஆவியாகும் அளவும் அதுதான். ஈயப்பற்று வைத்த பழைய தட்டு வேண்டவே வேண்டாம், ஈயம் பாகில் இறங்கும்.

பாகு பதத்துக்கு 104 டிகிரி செல்சியஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். அன்றைக்கே வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்து, அதற்கு மேல் 4 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். பொங்கி வந்தால் ஒரு துளி வெண்ணெய் போதும்.