கார் ஷெட்டுக்கு எந்தத் தரை நல்லது?

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். காரைக்குடி வீட்டில் கார் ஷெட் தரைக்கு ஒரு யோசனை வேண்டும். இப்போது வெறும் சிமெண்டுத் தளம். எவ்வளவு கூட்டினாலும் தூசி கிளம்புகிறது. அப்பாவுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசை. எனக்கும் அது உயிர்தான். ஆனால் கண்ணாடி மேல் வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் சிமெண்டுக் கல் அது. என்ஜின் ஆயில் சிந்தினால் கறை உள்ளே இறங்கிவிடுமே! அதை முகப்புக்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

எபாக்சி என்னும் பிசின் பூச்சைத் தரையில் பூசினால் துடைப்பது சுலபம். ஆனால் அடியிலிருந்து ஈரம் ஏறினால் உரிந்துவிடும். மழைக்காலத்தில் எங்கள் தளத்தில் ஈரம் கசிகிறது. அப்புறம், சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ். அப்பாவுக்கு 70 வயதுக்கு மேல், ஈரக்காலில் வழுக்கவே கூடாது.

இவற்றைப் போட்டுச் சில வருடம் புழங்கியவர்கள் டயர்த் தடம், விரிசல், சதுர அடிக்கு ஆன செலவு எல்லாம் சொல்லுங்கள். நல்ல கொத்தனார் தெரிந்தாலும் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.