டிக்கியில் ஏர் சஸ்பென்ஷன் வைத்தவர்கள், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொருக்குப்பேட்டைக்காரன்:

சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று பலூன். ஸ்டெப்னி பள்ளத்தில் காற்றைச் சேர்த்து வைக்க 19 லிட்டர் டேங்க், பக்கத்தில் அதை நிரப்ப ஒரு கம்ப்ரஸர், பலகையின் மேல் பலூனுக்குக் காற்றைத் திறந்து மூடும் வால்வு பிளாக். எல்லோரும் செய்வதுதான், அதை நீட்டவில்லை. ஒரு ராத்திரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தெருவில் நிறுத்தியதும் நாலு பலூனிலும் காற்றை இறக்கிக் காரைத் தரையோடு படுக்க வைப்பது என் வழக்கம். பசங்க வந்து போட்டோ எடுப்பார்கள். 150 பிஎஸ்ஐ-ல் விட்டுப்போன டேங்க் மீட்டர் காலையில் 90-ல் நிற்கும். வண்டி ஓடினால் ஏறிவிடுகிறதே என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் மூன்று நாளாக வண்டியை எடுக்கவில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது, சட்டையெல்லாம் வேர்வை.

சாவியைப் போட்டேன். மீட்டர் பூஜ்யம். கம்ப்ரஸர் கத்த ஆரம்பித்தது. முன் டயர் இரண்டும் ஃபெண்டருக்குள் போய் உட்கார்ந்திருந்ததால் ஸ்டியரிங் கால் சுற்றுகூடத் திரும்பவில்லை. முன்பக்க ஸ்விட்சை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தேன். அப்பா லுங்கியோடு வந்து காரின் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கார் மயிரிழை மயிரிழையாக எழும்பியது. கூரையோடு சேர்ந்து அவர் கையும் மேலே போனது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். "இன்னா நைனா பண்ணினு கீற? நம்ம வண்டில ஏத்து." பழைய ஜெயில் ரோடு வழியாக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில், மூச்சு வாங்க, அப்பா என்னிடம் கேட்டது: "காரு ஏறிச்சா?"

காப்பாற்றிவிட்டார்கள். இப்போது நடமாடுகிறார். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது.

டிரெய்லர் மகன், திருவொற்றியூர்:

அண்ணே, படித்ததும் கை சில்லென்று ஆகிவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதை சின்னது. தினமும் காலையில் பின்பக்க இடது மூலை மட்டும் இறங்கியிருக்கும். இரண்டு இடத்தில் காட்டினேன். இரண்டு இடத்திலும் பலூனை மாற்றச் சொன்னார்கள், ஒரு தடவை மாற்றவும் செய்தேன். மறுநாளும் அதே மூலை படுத்தது. கடைசியில் எங்கள் அப்பா, "கன்டெய்னர் வண்டிக்கு ஏர் பிரேக் பார்ப்பவரிடம் கொண்டு போடா, காற்று எல்லாம் ஒரே காற்றுதான்" என்றார்.

மணலி பக்கம் ஒரு பெரியவர். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "டேங்க் முள்ளு இறங்குதா, வண்டி இறங்குதா?" எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். முள் இறங்கி வண்டி அப்படியே நின்றால் கசிவு டேங்க் பக்கம். முள் நின்று ஒரு மூலை மட்டும் படுத்தால் வால்வில் இருந்து அந்த பலூன் வரைக்கும்தான் தேட வேண்டும். இரண்டு கடையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

வெளியே லாரிச் சத்தத்தில் கசிவு எங்கே காதில் விழும்? அவர் கீழ் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மூன்றாவதில் நின்றார். "இங்க கீது." ஷேவிங் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவினார், கடுகு கடுகாக நுரை வந்தது. டியூபை உருவிப் பார்த்தால் முனை சரிவாக இருந்தது. பொருத்தியவர் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருக்கிறார். பெரியவர் அதை பிளேடால் நேராக வெட்டி, அழுத்திச் செருகி, ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். அன்றைக்கு நின்ற மூலை இன்றுவரை நிற்கிறது. டீக்கு மட்டும் காசு வாங்கினார்.

பெரம்பூர் வடக்கு:

முதல் பதிவு போட்டவர் கோபப்படக் கூடாது. முள் தினமும் 60 இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விட்டிருக்கிறீர்கள். வீட்டில் வயதானவர் இருக்கும்போது அது ஒரே வண்டி என்றால் அதைப் படுக்கவே வைத்திருக்கக் கூடாது.

எனக்கு நடந்தது: மூலக்கடையில் போலீஸ்காரர்கள் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, மூன்று தடவை ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அப்புறம் ஆர்சியைக் கேட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள், விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயன் இல்லை.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், முழுவதும் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸர் ஒன்று 20 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும். பானெட்டில் இருக்கும் பேட்டரியில் இருந்து டிக்கி வரைக்கும் ஒயர் வருகிறது. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் வைத்தால் அது கம்ப்ரஸரை மட்டும்தான் காக்கும். நடுவில் எங்காவது தகரத்தில் ஒயர் உரசித் தோல் போனால், ஃப்யூஸ் போகாது, கார்ப்பெட் எரியும். ஒயர் தகரத்தில் நுழையும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். டேங்க் நிறைந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் வழியாக நேரடியாக மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள், நடுவில் ரிலே, அதாவது பெரிய கரன்டைத் தாங்கும் தனி ஸ்விட்ச் வேண்டும். கம்ப்ரஸரோடு வரும் கம்பி பின்னிய ஹோஸை எடுத்துவிட்டு அழகுக்கு நைலான் டியூப் போடுகிறார்கள். வெளியே வரும் காற்று அவ்வளவு சூடு, டியூப் இளகிவிடும். டேங்கை டிக்கியின் மரப்பலகையில் திருகாணியால் முடுக்கினால் போதாது. கார் டயரில் 32 பிஎஸ்ஐ, இதில் 150, அதாவது சுமார் 10 பார். வண்டி முன்னால் எதிலாவது மோதினால் அந்த உருளை சீட்டைத் தாண்டிக் குழந்தையிடம் வரும். பாடியில் துளையிட்டு, அடியில் தகடு வைத்து போல்ட் போடுங்கள்.

காசிமேடு கடல்காற்று:

பெரம்பூர் நண்பரே, ஒயர் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன மனிதரிடம் முதல் வரியிலேயே அவர் தப்பைச் சொல்லியிருக்க வேண்டாம். அவருக்குத் தெரியாததா?

நீங்கள் எல்லோரும் விட்ட ஒன்று தண்ணீர். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருடம் தாங்காது, அந்தக் காற்றைத்தான் கம்ப்ரஸர் உறிஞ்சுகிறது. அமுக்கிய காற்று டேங்கில் ஆறும்போது அதில் இருந்த ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். நான் எட்டு மாதம் திறக்கவே இல்லை. ஒரு நாள் துறைமுக லாரி டிரைவர் ஒருவர் காலையில் வண்டிக்கு அடியில் கை விட்டு வளையத்தை இழுத்து ஏர் பிரேக் டேங்கில் தங்கிய தண்ணீரை விடுவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் டேங்கின் அடித் திருகைத் தளர்த்தினேன். ஒரு டம்ளருக்கு மேல், டீ நிறத்தில், துரு மிதக்க வந்தது. அந்தத் துருதான் வால்வுக்குள் போய் உட்கார்ந்து அதை முழுசாக மூடவிடாமல் செய்திருக்கிறது. நான் இரும்பு டேங்கைத் தூக்கிவிட்டு அலுமினியம் வாங்கிவிட்டேன். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று செம்புதாஸ் தெருவில் தேடி எடுத்து வால்வுக்கு முன்னால் போட்டிருக்கிறேன்.

மூலக்கடை தங்கச்சி:

வண்டி என் அண்ணனுடையது, எனக்கு இந்த சாமான் பெயரெல்லாம் தெரியாது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மடங்காது. ஒரு காரில் குனிய வேண்டும், இன்னொன்றில் ஏற வேண்டும், எதில் உட்கார்ந்தாலும் அழுவார். முதல் நாள் அண்ணன் காரை எழுப்பி, சீட்டை அம்மா இடுப்புக்கு நேராக வரும்வரை உயர்த்தினான். அம்மா திரும்பி நின்று அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கதவை மூடியதும், "யாரும் புடிக்கலையே?" என்று கேட்டார். யாரும் பிடிக்கவில்லை. செலவு வீண் என்று அண்ணனிடம் சண்டை போட்டவள் நான்.

கொருக்குப்பேட்டைக்காரன்:

பெரம்பூர் அண்ணன் சொன்னது எனக்கு வலிக்கவில்லை, உண்மைதான். திருவொற்றியூர் தம்பி சொன்னபடி நேற்று உதட்டை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் டிக்கிக்குள் தலையை விட்டிருந்தேன். என்னுடையது டேங்க் பக்கம். பிரஷர் ஸ்விட்ச் திருகு ஏறும் இடம், டெஃப்லான் டேப்பே சுற்றவில்லை. கழற்றிச் சுற்றி மாட்டினேன், காலையில் முள் 148. டேங்கில் ஒரு டயர் வால்வும் வைத்திருக்கிறேன், கம்ப்ரஸர் செத்தாலும் பங்ச்சர் கடையில் காற்று பிடித்து வண்டியை எழுப்பலாம். இப்போது எழுப்பியபடியேதான் நிறுத்துகிறேன். ஃப்யூஸ் என்னுடையது டிக்கியில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முன்னால் மாற்றுகிறேன்.

காசிமேடு நண்பரே, என் டேங்கில் அரை டம்ளர்தான் வந்தது, நிறம் இல்லை. வாரம் ஒரு தடவை திறந்தால் போதுமா, மழைக்காலத்தில் தினமும் வேண்டுமா?