லாஸ் ஏஞ்சல்ஸ் ஐபேட் திட்டமும் விலைப்பட்டியலில் இல்லாத விசைப்பலகையும்

நன்மாறன்:

'பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு' என்ற இழையில் நண்பர் தென்னவன் எழுதிய ஒரு வரியைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் (அந்நகர அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 2013-இல் கொண்டுவந்த ஐபேட் திட்டம் அருமையான திட்டமாம். கருவியில் போட்டிருந்த கட்டுப்பாட்டுப் பூட்டை உடைத்த மாணவர்கள்தாம் அதைக் கெடுத்தார்களாம். பிள்ளைகள்மீது பழி போடுவது எளிது, அவர்கள் இங்கே வந்து மறுப்பு எழுதப் போவதில்லை.

ஆறரை லட்சம் அளவுக்கு மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த மாவட்டம் அது. ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு கருவி என்பது மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த அன்றைய கண்காணிப்பாளர் ஜான் டீசியின் திட்டம். 2013 ஜூனில் பள்ளி வாரியம் ஆப்பிள் நிறுவனத்துடன் 3 கோடி டாலருக்கான முதல் ஒப்பந்தத்தை ஏற்றது. முதல் கட்டத்தில் 47 பள்ளிகள். முழுத் திட்டத்துக்கும் 100 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. பாடநூல் வெளியிடும் பியர்சன் நிறுவனத்தின் மின்பாடங்கள், உத்தரவாதம், வரி எல்லாம் சேர்த்து ஒரு கருவிக்கு ஏறத்தாழ 768 டாலர் விழுந்தது. அந்த 768 டாலருக்குள் விசைப்பலகை கிடையாது.

அந்தக் கருவியில்தான் பிள்ளைகள் 'காமன் கோர்' என்ற புதிய பாடத்தரத்துக்கான தேர்வை எழுத வேண்டும் என்று சொல்லித்தான் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினார்கள். தட்டைக் கணினியில் எழுதினால் தனி விசைப்பலகை வேண்டும் என்பது அந்தத் தேர்வின் அன்றைய விதி. கலிஃபோர்னியா அந்தப் பாடத்தரத்தை ஏற்றது 2010-இல்; அந்தத் தேர்வைத் தயாரித்த ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்ற மாநிலங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தது 2011-இல். இத்தனை அவகாசம் இருந்தும், பிள்ளை எதைக் கொண்டு கட்டுரையைத் தட்டச்சு செய்யும் என்ற கேள்விக்கு விலைப்பட்டியலில் விடை இல்லை. இதைத் திட்டம் என்று தென்னவன் அழைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

தென்னவன்:

நான் விசைப்பலகையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உட்பட மூன்று பள்ளிகளில் 300 மாணவர்கள் அளவில், கருவி கைக்கு வந்த சில நாட்களிலேயே கட்டுப்பாட்டு அமைப்பை நீக்கிவிட்டு யூடியூபும் ஃபேஸ்புக்கும் பார்த்தார்கள் என்பது 2013 செப்டம்பரில் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. அதன் பிறகு கருவியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல மாவட்டம் தடை போட்டது. வீட்டுக்குப் போகாத கருவியால் என்ன பயன்? திட்டத்தின் உயிர்நாடியே அங்கே அறுந்துவிட்டது. அதைச் சொன்னால் பழி போடுகிறேன் என்கிறார். அவருடைய வழக்கமே இதுதான். கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொள்வார்.

பூங்கொடி:

நான் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வசிக்கிறேன். என் இரு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். நீங்கள் இருவரும் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கருவி ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது. பாயில் ஹைட்ஸ் போன்ற பகுதிகளில், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்டு இரவில் திரும்பும் வீட்டில், பள்ளி கொடுத்தால்தான் உண்டு. டீசி அதைத்தான் சம உரிமைப் பிரச்சினையாகப் பார்த்தார். அந்தப் பார்வை தவறு என்று எவராவது நிறுவுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இதே மாவட்டம் கருவிகளுக்கும் இணைய இணைப்புக்குமாகப் 10 கோடி டாலர் அவசரமாக ஒதுக்க வேண்டி வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியதை ஒழுங்காக முடித்திருந்தால் அந்த வசந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் வகுப்பை இழந்திருக்க மாட்டார்கள்.

விசைப்பலகை விஷயத்தில் நன்மாறன் ஐயா பெரிதுபடுத்துகிறார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தொட்டு இயக்கும் திரைதான் ஏற்றது. தேர்வு நெருங்கும்போது விசைப்பலகை வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தால் அதில் என்ன குற்றம்?

நன்மாறன்:

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 'பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்பது முடிவாக இருந்திருந்தால், வாரியம் வாக்களித்த நாளில் அதற்கும் ஒரு விலை எழுதப்பட்டிருக்க வேண்டும். வாக்களித்துச் சில மாதங்கள் கழித்துத்தான் விசைப்பலகைக்கு எங்கிருந்து பணம் என்ற பேச்சே வெளியில் வந்தது. ஆறரை லட்சம் பிள்ளைகளுக்கு வாங்கும்போது எதுவும் சில்லறைச் செலவு அல்ல.

தென்னவன் சொல்லும் பூட்டையும் பார்ப்போம். அது உடைக்கப்படவே இல்லை. கருவியின் அமைப்புகள் பக்கத்துக்குப் போய், அங்கே தெரிந்த நிர்வாகச் சுயவிவரத்தை (பள்ளியின் கட்டுப்பாடுகளைச் செயல்படுத்தும் கோப்பை) தொட்டு, நீக்கு என்பதை அழுத்தினார்கள். கடவுச்சொல்லைக் கூடக் கேட்காத பூட்டு அது. நான் பல ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தில் கணினிக்கூடங்களைப் பராமரித்தவன். பதினைந்து வயதுப் பிள்ளை முதல் நாள் தொடும் இடமே அமைப்புகள் பக்கம்தான் என்பது அந்த வேலையில் இருப்பவர் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்திருந்தால் இரண்டு குறையும் தெரிந்திருக்கும்: பூட்டு திறக்கும் என்பதும், ஒரு பக்கக் கட்டுரையைக் கண்ணாடித் திரையில் தட்டச்சு செய்ய முடியாது என்பதும்.

பியர்சன் பாடங்களைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. வாங்கும்போது அவை முழுமையடையவில்லை, மாதிரி அலகுகளே இருந்தன. உரிமமோ மூன்று ஆண்டுக்குத்தான். பிறகு அமெரிக்கன் இன்ஸ்டிடியூட்ஸ் ஃபார் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 245 வகுப்பறைகளைப் பார்த்தபோது, அந்தப் பாடத்தைப் பயன்படுத்திய ஆசிரியர் ஒரே ஒருவர். ஒருவர்! இதுவும் பிள்ளைகள் செய்த வேலையா?

இளவழுதி:

நான் கணக்குத் துறையில் இருப்பவன். விசைப்பலகைக்காக இரண்டு பேர் இப்படி மோதிக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி பணம் எங்கிருந்து வந்தது என்பது. பள்ளிக் கட்டடங்களுக்காக வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த கடன் பத்திரப் பணம் அது. ஒழுகும் கூரையை மாற்றவும் பழைய கழிப்பறையைச் சீர்செய்யவும் உரிய அந்தக் கடனை அடைக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். கருவியின் ஆயுள் மூன்று, நான்கு ஆண்டு. கருவி குப்பைக்குப் போன பிறகும் வீட்டு வரியில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் யார்?

திட்டம் நின்றதும் விசைப்பலகையால் அல்ல. ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே கண்காணிப்பாளரும் துணைக் கண்காணிப்பாளரும் ஆப்பிள், பியர்சன் நிறுவனத்தாருடன் பேசிய மின்னஞ்சல்கள் 2014 ஆகஸ்டில் வெளியாயின, ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, அக்டோபரில் டீசி பதவி விலகினார், டிசம்பரில் எஃப்.பி.ஐ. ஆவணப் பெட்டிகளை அள்ளிச் சென்றது. எவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் காரணம் கொள்முதல்தான், தம்பி நன்மாறன்.

நன்மாறன்:

என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். சென்ற முறை நூலக நிதி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் தொடங்கினீர்கள். நான் கேட்ட கணக்குக்கு இன்றுவரை விடை தரவில்லை.

உங்கள் மின்னஞ்சல் வாதமே என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. பிள்ளைக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கியவர்கள் தேவைப் பட்டியலை எழுதியபின் கருவியைத் தேடுவார்கள். இங்கே கருவியின் பெயர் முதலில் வந்தது. தேவைப் பட்டியல் முறையாக எழுதப்பட்டிருந்தால் அதில் விசைப்பலகை முதல் ஐந்து வரிக்குள் இருந்திருக்கும்.

மெய்ன் மாநிலத்தைப் பாருங்கள். 2002-இல் ஆளுநர் ஆங்கஸ் கிங் காலத்தில் ஏழாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும், ஏறத்தாழ 17,000 பேருக்கு, மடிக்கணினி கொடுத்தார்கள். அதற்கு முன் ஒன்பது பள்ளிகளில் சோதித்தார்கள். ஆசிரியர் கையில் கருவியையும் பயிற்சியையும் முதலில் கொடுத்தார்கள். ஒரு வகுப்பு, அடுத்த ஆண்டு அடுத்த வகுப்பு என்று ஏறினார்கள். அதுவும் ஆப்பிள் கருவிதான். எனக்கு ஆப்பிளோடு பகை ஏதும் இல்லை. அந்தக் கருவியில் விசைப்பலகை இருந்தது என்பதையும் இளவழுதி குறித்துக்கொள்ளட்டும்.

பூங்கொடி:

மெய்னையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் ஒப்பிடுவது நேர்மையல்ல. ஒரு முழு மாநிலத்தின் ஏழாம் வகுப்பை விட இந்த ஒரு மாவட்டத்தின் ஏழாம் வகுப்புப் பெரியது. மேலும், ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு என்று நீங்கள் பொறுமையாக ஏறும்போது, மேல் வகுப்பில் இருக்கும் ஏழைப் பிள்ளை எதையும் பார்க்காமல் பள்ளியை விட்டே போய்விடும். பொறுமையாக இருங்கள் என்று எப்போதும் எங்கள் பகுதிக்குத்தான் சொல்லப்படுகிறது.

கயல்விழி:

நான் தமிழ்நாட்டில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. இங்கே 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கப்பட்டது. அது மாணவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸில் கருவி தொலைந்தால் யார் பொறுப்பு என்று பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவே இல்லை என்று படித்தேன். மாதம் முழுக்க உழைத்தாலும் அந்தப் பணத்தைச் சேர்க்க முடியாத குடும்பம், பிள்ளை அதை எடுத்துக்கொண்டு தெருவில் நடப்பதற்கே அஞ்சும். நீங்கள் எல்லாரும் கொள்முதலைப் பேசுகிறீர்கள். வகுப்பில் நிற்கும் ஆசிரியரைப் பற்றி நன்மாறன் ஐயா ஒரு வரி எழுதியதோடு சரி. 245 வகுப்பில் ஒருவர்தான் பாடத்தைப் பயன்படுத்தினார் என்றால் மற்றவர்களுக்கு என்ன பயிற்சி கிடைத்தது என்று கேட்டிருக்க வேண்டாமா?

நன்மாறன்:

கயல்விழி அவர்களே, நான் பயிற்சியை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மாணவர்களுக்குக் கிடைத்தது மடிக்கணினி; விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. எனவே நான் சொல்வதற்கு உங்கள் அனுபவமும் சான்றுதான்.

கயல்விழி:

நான் சொன்னதை எனக்கே எதிராகத் திருப்ப வேண்டாம். கணினிக்கூடத்தைப் பராமரிப்பது வேறு, நாற்பது பிள்ளைகள் முன் பாடம் நடத்துவது வேறு. கருவி நின்றுபோன மூன்றாம் நிமிடத்தில் வகுப்பைக் கட்டிப் பிடித்து வைத்திருக்க வேண்டியவர் ஆசிரியர். அந்த மூன்று நிமிடத்துக்கு எந்தத் திட்டத்திலும் பத்தி கிடையாது.

தென்னவன்:

எல்லாரும் எங்கெங்கோ போகிறீர்கள். 300 மாணவர்கள் செய்த செயலுக்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை. கதவு திறந்திருந்தால் உள்ளே நுழைவது சரியா?

இளவழுதி:

தென்னவன், மாணவர்களை விடுங்கள். 2014 ஆகஸ்டில் இதே மாவட்டம் மாணவர் விவரங்களுக்கான புதிய மென்பொருளை அரைகுறையாக இயக்கி வைத்தது. ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியில் பள்ளி திறந்து வாரங்கள் ஆகியும் பல மாணவர்களுக்குச் சரியான கால அட்டவணை இல்லை. அக்டோபரில் நீதிமன்றம் தலையிட்டு மாநில அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கே எந்த மாணவர் எந்தப் பூட்டைத் திறந்தார்? 2024 மார்ச்சில் 'எட்' என்ற உரையாடு செயலியை ஆல்ஹியர் என்ற நிறுவனத்தின் மூலம் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் அந்த நிறுவனமே சரிந்தது. நவம்பரில் அதன் நிறுவனர் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகக் கைது செய்யப்பட்டார். விற்பவரின் கணக்கைச் சரிபார்க்காத நோய் பத்தாண்டாகியும் தீரவில்லை. விசைப்பலகையைச் சேர்த்திருந்தால் இது தீர்ந்திருக்குமா என்று நன்மாறன் சொல்லட்டும்.

நன்மாறன்:

தீர்ந்திருக்கும் என்று நான் எங்கே எழுதினேன்? நான் எழுதாததை மறுத்துவிட்டு வென்றதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நான் எழுதியது ஒன்றுதான்: திட்டத்தின் விலைப்பட்டியலில் விசைப்பலகை இல்லை, அதைக் கேட்க அந்த அறையில் எவரும் இல்லை. அந்த அறையில் ஒரு வகுப்பு ஆசிரியரோ, ஒரு கணினிக்கூடப் பணியாளரோ இருந்திருந்தால் அரை மணியில் கேட்டிருப்பார். 2015-இல் விற்றவர்களிடமிருந்து மாவட்டம் சமரசமாகத் திரும்பப் பெற்ற தொகை 64 லட்சம் டாலர் அளவில் இருந்தது. அது எங்கே, செலவிட்டது எங்கே? கணக்குத் துறையில் இருப்பவர் இதைச் சொல்லாமல் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

இளவழுதி:

அந்தத் தொகை பாட மென்பொருள் தொடர்பான சமரசத்தில் வந்தது. விசைப்பலகைக்காக ஒரு காசும் எவரும் திருப்பித் தரவில்லை, ஏனென்றால் அது ஒப்பந்தத்திலேயே இல்லை என்று நீங்கள்தான் ஐந்து முறை எழுதிவிட்டீர்கள். நூலக நிதிக்கான விடையை அந்த இழையிலேயே எழுதினேன். படிக்காமல் இருந்தது என் பொறுப்பல்ல.

பூங்கொடி:

டீசிக்குப் பின் வந்த ரமோன் கார்ட்டினஸ் 2015 பிப்ரவரியில், எல்லாப் பிள்ளைகளுக்கும் கருவி கொடுக்க மாவட்டத்தால் இயலாது என்று அறிவித்தார். உங்கள் நால்வரின் வாதமும் அந்த அறிவிப்புக்கு உதவும் வாதங்களே. விசைப்பலகை இல்லை, பூட்டு சரியில்லை, பணம் தவறான கணக்கிலிருந்து வந்தது, பயிற்சி போதவில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். என் மூத்த மகளின் வகுப்பில் அடுத்த ஐந்து ஆண்டும், ஆறு பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்று முறைவைத்துத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கணினியில் விசைப்பலகை இருந்தது, நன்மாறன் ஐயா. முறை வரும்போது மணி அடித்துவிடும்.

நன்மாறன்:

அம்மா, அந்த ஆறு பிள்ளைகளுக்காகத்தான் நானும் பேசுகிறேன். 47 பள்ளிகளில் வாங்கியதை ஒழுங்காக வாங்கியிருந்தால், 48-ஆம் பள்ளிக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவு வாரியத்தில் எவருக்கும் வந்திருக்காது. இளவழுதியின் விடையை நான் படித்தேன். அதில் கடைசி இரண்டு வரிகள் கூட்டல் பிழை. அதை அந்த இழையிலேயே இன்றிரவு எழுதுகிறேன்.

தென்னவன்:

என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.