12 வயசு ஹைப்ரிட், உப்புக்காத்து ஊரு: வாங்கலாமா?

தவளக்குப்பம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். லாஸ்பேட்டையில ஒரு ஹைப்ரிட் செடான், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற வண்டி, பார்த்திருக்கேன். 2014 பதிவு, 1,38,000 கிமீ, நிக்கல் பேட்டரி, ஒரே ஓனர். கம்பெனி பேரு வேணாம், விக்கிறவர் இங்கயே எங்கயாவது படிச்சிட்டு இருப்பாரு. தினம் கடலூர் சிப்காட் போய் வரணும். "கரண்டு வண்டி பழசாச்சுன்னா காயலான் கடைக்குத்தான்"னு அப்பா ஒரே பிடியா நிக்கிறாரு. பேட்டரி போயிடுமா?

பழைய_கார்பரேட்டர்:
அப்பா பேச்சைக் கேளு தம்பி. நான் பட்டவன். 9 வயசான ஹைப்ரிட் ஒண்ணு வெச்சிருந்தேன். ஒரு நாள் நெல்லிக்குப்பம் ரோட்டுல போறப்ப, மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்துல சீரியல் லைட் போட்ட மாதிரி டேஷ்போர்டு பூரா விளக்கு. பக்கத்துப் பட்டறைக்காரர் பானட்டைத் திறந்தாரு, ஹை வோல்டேஜ் போற ஆரஞ்சு கேபிளைப் பார்த்தாரு, "சார், எனக்குப் புள்ளகுட்டி இருக்கு"ன்னு மூடிட்டாரு. லாரியில ஏத்தி சென்னை. அங்க 12 நாள். பேட்டரிக்குச் சொன்ன விலையில பாதிக்குக்கூட வண்டி போகலை. வித்துட்டேன்.

கெடிலக்கரை:
கடலூர்ல பட்டறை வெச்சிருக்கேன், 6 வருஷமா ஹைப்ரிட்டும் பாக்குறேன். எல்லாரும் பேட்டரியைக் கண்டுதான் பயப்படுறாங்க. நம்ம கடலோரத்துல எனக்கு முதல்ல வர்றது பேட்டரி இல்ல, பிரேக்.

ஏன்னா, மெதுவா மிதிக்கிறப்ப வண்டியை நிறுத்துறது பெரும்பாலும் மோட்டார்தான். பிரேக் பேடு டிஸ்க்கைத் தொடுறதே கம்மி. சாதா வண்டியில தேஞ்சு போகும், இதுல தேயாமலே துரு ஏறும். உப்புக்காத்துல, பேடை டிஸ்க்மேல அழுத்துற காலிப்பரோட பின்னு இறுகிக்கும், ஒரு பக்கப் பேடு மட்டும் ஒட்டிக்கிட்டே நிக்கும். "1 லட்சம் கிமீ, பேடு மாத்தவே இல்ல"ன்னு விக்கிறவர் பெருமையா சொன்னா சக்கரத்தைக் கழட்டிப் பாரு. காலி ரோட்டுல, பின்னாடி யாரும் வரலைன்னா, நியூட்ரல்ல போட்டு நாலஞ்சு தடவை பிரேக் அடி. அப்ப மோட்டார் உதவிக்கு வராது, டிஸ்க்கே வேலை செய்யும். கரகரன்னா துரு.

அடுத்தது பிரேக் பம்ப். பிரேக்குக்கான அழுத்தத்தை ஒரு மின் பம்ப்தான் சேத்து வெக்குது. டிரைவர் கதவைத் திறந்தா "க்ர்ர்"னு ஒரு சத்தம் வந்து நிக்கும், அது சகஜம். பெடலைத் தொடாம சும்மா உக்காந்திருக்கும்போதே திரும்பத் திரும்ப ஓடுச்சுன்னா உள்ளுக்குள்ள அழுத்தம் கசியுதுன்னு அர்த்தம். அந்த யூனிட் மொத்தமா மாத்தணும். விலை கேட்டா தலை சுத்தும்.

பழைய_கார்பரேட்டர்:
நான் சொன்னதுக்கு நீங்களே சாட்சி சொல்றீங்க. பேட்டரி இல்லன்னா பிரேக், பிரேக் இல்லன்னா இன்னொண்ணு.

கெடிலக்கரை:
அண்ணே, இதுல இல்லாததையும் எண்ணுங்க. டொயோட்டா பிரியஸ் மாதிரி அமைப்புல கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கியர்பாக்ஸ்ல பெல்ட்டும் கிடையாது. நடுச் சக்கரத்தைச் சுத்தி சின்னச் சக்கரங்க ஓடுற ஒரு கிரகப் பல்சக்கரம், ரெண்டு மோட்டார், அவ்வளவுதான். உங்க 9 வயசு வண்டியில கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுச்சா?

பழைய_கார்பரேட்டர்:
இல்ல. அதை ஒத்துக்கிறேன்.

மிஷன்வீதி:
நடுவுல வர்றேன். என்னுது 2022ல வாங்கின ஹைப்ரிட், பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ வாரண்டி. நானும் இப்பவே பயப்படணுமா?

கெடிலக்கரை:
வேணாம். பின் சீட்டுக்கிட்ட ஒரு காத்துத் துவாரம் இருக்கும், அதுமேல பை, துணி வெக்காதீங்க. அது பேட்டரி மூச்சு விடுற இடம்.

அதையே தம்பிக்கும் விரிவா சொல்றேன். பிரியஸ் ரெண்டாம் தலைமுறைப் பேட்டரியில 28 மாட்யூல், அதாவது சின்னச் சின்ன பேட்டரிக் கட்டு, ஒவ்வொண்ணும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. எல்லாம் வரிசையா கோத்தது, ஒண்ணு சோர்ந்தா மொத்தமும் சோரும். சோர வெக்கிறது சூடு. ஃபேன்ல நாய்முடி, மணல், பஞ்சு அடைச்சா நடுவுல இருக்குற மாட்யூல் முதல்ல வேகும். இன்னொண்ணு, மாட்யூலை இணைக்கிற செப்புப் பட்டை. நம்ம ஊர் ஈரக்காத்துல பச்சை பூக்கும். பேட்டரி செத்துப்போச்சுன்னு என்கிட்ட வந்த ஒரு வண்டிக்கு, பட்டையைக் கழட்டிச் சுத்தம் பண்ணிப் பூட்டினேன், இன்னும் ஓடுது. சில சமயம் அதுவும் இல்ல, 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் படுத்திருக்கும். அது படுத்தா டேஷ்போர்டுல "ரெடி" விளக்கு வராது, வண்டி கிளம்பாது. பெரிய பேட்டரி போச்சுன்னு சொல்லி ஜனங்களை ஏமாத்துறது இங்கதான்.

பழைய_கார்பரேட்டர்:
நீங்க இருக்கீங்க, சரி. நீங்க இல்லாத அன்னைக்கு? ஆரஞ்சு கேபிள்ல கை வெக்க, பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை எடுக்கணும், கனமான ரப்பர் கிளவுஸ் வேணும், கெப்பாசிட்டர்ல தேங்கின கரண்டு அடங்குறவரைக்கும் 10 நிமிஷம் காத்திருக்கணும். கடலூர்ல எத்தனை பேர் செய்வான்? பழுது எவ்வளவு வருதுன்னு நான் பேசலை, பழுது வந்தா யாரு பாப்பான்னுதான் கேக்குறேன். அப்புறம் வெள்ளம். 2015ஐ விடுங்க. 2024 டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, தென்பெண்ணை ஊருக்குள்ள வந்துச்சே. பெட்ரோல் வண்டியைக் காய வெச்சு ஓட்டலாம். பின்சீட் பேட்டரிக்குள்ள தண்ணி போனா?

கெடிலக்கரை:
போனா கதை முடிஞ்சது. அதுல எதிர்ப்பேச்சே இல்ல. தம்பி, சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்துப் பாரு. சேத்துக் கோடு தெரிஞ்சா அப்படியே வீட்டுக்குத் திரும்பு.

தவளக்குப்பம்_பையன்:
இன்னைக்குப் போய்ப் பார்த்தேன். பெல்ட் சுத்தம். மோட்டாருக்குக் கரண்டை மாத்திக் குடுக்குற இன்வெர்ட்டரோட கூலன்ட் டப்பாவுல டார்ச் அடிச்சேன், ரெடி போட்டதும் தண்ணி சுழலுது. காத்துத் துவாரத்துல விரல் விட்டா பஞ்சு திரி திரியா வருது, அதுக்குள்ள ஒரு கடலைமிட்டாய் காகிதம், நாலஞ்சு வெள்ளை நாய்முடி. "நாய் வளக்குறீங்களா"ன்னேன். "போன வருஷம் செத்துருச்சு"ன்னு அவர் முகமே வாடிடுச்சு, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அந்த க்ர்ர் சத்தம், பெடலைத் தொடாமலே ஒரு நிமிஷத்துல ஆறு தடவை.

கெடிலக்கரை:
ஆறுன்னா ஜாஸ்தி. நானா இருந்தா வாங்க மாட்டேன். பிரேக் பம்ப் யூனிட் மாத்துற பணம் விலையில குறைஞ்சாத்தான் பேச்சு.

பழைய_கார்பரேட்டர்:
இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்.

கெடிலக்கரை:
நீங்க ஹைப்ரிட்டே வேணாம்னீங்க. நான் இந்த வண்டி வேணாம்ங்கிறேன்.

தவளக்குப்பம்_பையன்:
60,000 குறைக்கிறேங்கிறாரு. ஞாயித்துக்கிழமை வண்டியோட கடலூர் வரச் சொல்லியிருக்கேன். அண்ணே, பட்டறையில இருப்பீங்களா?

கெடிலக்கரை:
ஞாயிறு லீவு. உனக்காக 10 மணிக்குத் திறக்குறேன். 60,000 அந்த யூனிட்டுக்குக் காணாது, அவர்கிட்ட இப்பவே சொல்லி வை.

பழைய_கார்பரேட்டர்:
நானும் வர்றேன். எனக்கு ஒரு கிளவுஸ் எடுத்து வைங்க.