[கலைச்சொல்] டி.என்.ஏ. சீக்வென்சிங்: வரிசைப்படுத்தலா, வரிசையறிதலா?

செ.: வணக்கம். காசநோயாளிகளுக்கான விளக்கத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைவில் சீக்வென்சிங்குக்கு, அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகள் எந்த வரிசையில் உள்ளன என்று கண்டறிவதற்கு, ‘வரிசைப்படுத்தல்’ என்று இருக்கிறது. கலைந்து கிடப்பதை அடுக்குவதல்லவா வரிசைப்படுத்தல்? இங்கே இருக்கிற வரிசையைப் படிக்கிறோம், அவ்வளவுதான். காசக்கிருமியின் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 450ஆம் கோடான் (மூன்றெழுத்துத் தொகுதி) டி.சி.ஜி. இது டி.டி.ஜி. ஆகியிருந்தால் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்காது. அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை. ‘படுத்தல்’ என்று போட்டால் கிருமியை நாம் ஏதோ செய்கிறோம் என்று படும். ‘வரிசையறிதல்’ சரியா?

மு.: செ. அவர்களுக்கு, ‘வரிசை’யைவிட ‘நிரல்’ பொருந்தும். செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறையான பொருள்கோள் நான்கில் தொல்காப்பியம் முதலாவதாகச் சொல்வது நிரல்நிறை, சொற்களையும் அவை கொள்ளும் பொருளையும் ஒரே முறையில் நிறுத்துவது. அங்கே முறை பிறழ்ந்தால் பொருள் பிறழும், கோடானிலும் அதேதான். ‘நிரலறிதல்’ என்க. கோத்தலிலிருந்து வரும் ‘கோவை’யும் அழகான சொல், மணிபோல் கோத்த எழுத்துகள்.

இரா.: ஐயா, நிரலைக் கணினிக்காரர்கள் ‘புரோகிராம்’ என்பதற்கு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. கோவை என்றால் நோயாளிக்கு ஊர்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் செ. சொல்வதிலும் பாதிதான் சரி. குறுந்துண்டு முறையில் டி.என்.ஏ.வைச் சில நூறு எழுத்துத் துண்டுகளாக உடைத்து, இரு முனையிலும் அடாப்டர் என்ற சிறு டி.என்.ஏ. இணைப்புத் துண்டை ஒட்டி, கண்ணாடித் தட்டில் பிடிக்க வைத்துப் படியெடுத்துக் கொத்தாக்குகிறோம். ஒரு சுற்றுக்கு ஒரே ஒளிரும் எழுத்து ஏறும், அடுத்தது ஏறாதபடி அதில் ஒரு தடை இருக்கும். படமெடுத்து, சாயத்தையும் தடையையும் வெட்டிவிட்டு அடுத்த சுற்று. 150 சுற்றுக்கு 150 எழுத்து. கொத்துக்குள் சில இழைகள் பின்தங்கும், நிறம் கலங்கும். கடைசி எழுத்துகளில் பிழை கூடுவது அதனால்தான். பிறகு அத்தனை துண்டுகளையும் ஹெச்37ஆர்வி என்ற மாதிரிக் கிருமியின் 44 லட்சம் எழுத்துகளின் மேல் இடம் பார்த்து வைக்கிறோம். அது அடுக்குவதுதானே? கருவி செய்வது வரிசையறிதல், கணினி செய்வது ‘பொருத்தல்’. இரண்டு சொல் வேண்டும்.

செ.: ஏற்கிறேன். விளக்கத்தாளில் ‘வரிசையறிதல்’ மட்டும் போதும், பொருத்தல் பாடக்குறிப்புக்குப் போகட்டும்.

மு.: எனக்கு உடன்பாடில்லை. மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் படியான ஆர்.என்.ஏ.வுக்கு என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் அதை டி.என்.ஏ. படியாக மாற்றித்தான் படிக்கிறீர்கள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கத் துண்டுகளை எண்ணவும் செய்கிறீர்கள். அங்கே அறிவது வரிசையையா, எண்ணிக்கையையா?

இரா.: நல்ல கேள்வி ஐயா. இந்தத் தாளில் ஆர்.என்.ஏ. இல்லை. வெள்ளிக்குப் பிறகு பேசுவோம்.

மு.: சரி. ‘நிரலறிதல்’ என்பதை அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.